விற்று மறுமுதலீடு செய்யும் அதிகாரம்: பிரிட்டனின் இலவசச் சட்டத் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் அந்நாட்டு அரசின் சார்பில் நடத்திவரும் லெஜிஸ்லேஷன்.கவ்.யூகே என்ற தளம் 2010 முதல் இயங்கி வருகிறது. நாடாளுமன்றச் சட்டங்களையும் அவற்றின் கீழ் பிறப்பிக்கப்படும் விதிகளையும் எவரும் காசு கொடுக்காமல், பெயரைப் பதிவு செய்யாமல் படிக்கலாம். இத்தனை பெரிய தொகுப்பைப் பொதுப்படையாக நல்லது என்றோ குறையுடையது என்றோ சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை என்பதால், ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் விடையை இந்தத் தளத்தில் தேடிப் பார்ப்பது என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கேள்வி இதுதான்: திருமண செட்டில்மென்ட் பத்திரத்தில் கட்டுண்டு கிடக்கும் ஒரு நிலத்தை அதன் டிரஸ்டிகள் விற்று, வந்த பணத்தை வேறொன்றில் முதலீடு செய்யலாம் என்ற அதிகாரத்தை இங்கிலாந்தில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தருகிறது?

இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. முந்நூறு ஆண்டுகளில் இதற்கான விடை அடியோடு பலமுறை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று தனியாக ஒரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் வாங்க வேண்டியிருந்தது. பிறகு நீதிமன்றத்தின் அனுமதி போதுமென்று ஆயிற்று. அதன் பிறகு அந்த அனுமதியும் தேவைப்படாமல் போயிற்று. ஆகவே இன்றைய சட்டம், நேற்றைய சட்டம், வழக்கொழிந்த சட்டம் ஆகிய மூன்றையும் ஒரு தளம் எப்படிக் கையாள்கிறது என்பதை இந்த ஒரு கேள்வியிலேயே பார்த்துவிடலாம். நம் ஊர் டிரஸ்ட் வழக்குகளில் இங்கிலாந்துச் சட்டப் பிரிவுகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுவதால், இது நம் வழக்கறிஞர்களுக்கு அயலான விஷயமும் அல்ல.

தளத்துக்குள் போவதற்கு முன் சிக்கல் என்னவென்று சொல்லிவிடுவது நல்லது. இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பங்களில் மகனுக்குத் திருமணம் பேசி முடிக்கும்போது ஒரு பத்திரம் எழுதப்படும். நிலம் மாப்பிள்ளையின் ஆயுள்காலம் வரை அவர் அனுபவத்தில் இருக்கும். அவர் இறந்தால் மனைவிக்கு ஆண்டுதோறும் இன்ன தொகை என்று ஜீவனாம்சம் அந்த நிலத்தின் மேல் பாரமாக இருக்கும். இளைய பிள்ளைகளுக்கு இன்ன தொகை என்று பங்கு குறிக்கப்பட்டிருக்கும். இவை போக, நிலம் இன்னும் பிறக்காத மூத்த மகனுக்கும் அவன் வழி வாரிசுகளுக்கும் போய்ச் சேரும். இவ்வளவையும் காப்பதற்காக டிரஸ்டிகள் நியமிக்கப்படுவார்கள். பத்திரத்தைப் பொறுத்தவரை இது பலமான ஏற்பாடு. ஆனால் ஆயுள்கால உரிமையாளர் தன் ஆயுளுக்கு மேற்பட்ட உரிமை எதையும் விற்க முடியாது. முழு உரிமை வரவேண்டிய பிள்ளையோ இன்னும் பிறக்கவே இல்லை, அல்லது தொட்டிலில் இருக்கிறது. விற்கும் அதிகாரம் டிரஸ்டிகளுக்குப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் கவலை இல்லை. அந்த வாசகம் விடுபட்டிருந்தால், சதுப்பு நிலமாக இருந்தாலும், கடனுக்கு மேல் கடன் ஏறி வட்டிக்கே வருமானம் போதாமல் இருந்தாலும், ஓர் ஏக்கரைக்கூட விற்க முடியாது. விற்பவரின் உரிமையில் குறை இருக்கிறது என்று வாங்குபவர் விலகிவிடுவார்.

இந்தக் கட்டை அவிழ்க்க இருந்த வழி, நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்குவது. குடும்பத்தார் பிரபுக்கள் சபைக்கு மனுக் கொடுப்பார்கள். மனு இரண்டு நீதிபதிகளின் பார்வைக்கு அனுப்பப்படும். பத்திரத்தில் பங்குள்ள ஒவ்வொருவரின் சம்மதமும் கேட்கப்படும். அதன் பிறகே மசோதா முன்னே நகரும். சட்டம் நிறைவேறினால், குறிப்பிட்ட நிலங்கள் டிரஸ்டிகளின் பெயரில் ஒப்படைக்கப்பட்டு, அவர்கள் விற்று, அந்தப் பணத்தில் வேறு நிலம் வாங்கி, புதிய நிலத்தைப் பழைய பத்திரத்தின் அதே நிபந்தனைகளுக்கு உட்படுத்துவார்கள். தகுந்த நிலம் கிடைக்கும் வரை பணம், டிரஸ்ட் வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றத்தின் அதிகாரி பெயரில் இங்கிலாந்து வங்கியில் கிடக்க, அரசுக் கடன் பத்திரங்களில் போட்டு வட்டி வாங்கும் ஏற்பாடும் பல சட்டங்களில் உண்டு. நிலம் போய்ப் பணம் வந்தாலும், பணம் போய் வேறு நிலம் வந்தாலும், மனைவியின் ஜீவனாம்சமும் பிள்ளைகளின் பங்கும் அசையாமல் நிற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இப்போது தளத்துக்கு வருகிறேன். இந்தத் தனிச் சட்டங்களுக்கென்று 1539 முதல் தொடங்கும் ஒரு காலவரிசைப் பட்டியல் இங்கே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டின் கீழும் சட்ட எண்ணும் சுருக்கமான விவரமும் தரப்பட்டிருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் ஏதாவது ஓர் ஆண்டைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனால், எஸ்டேட், விற்பனை, டிரஸ்டிகளிடம் ஒப்படைப்பு, வேறு நிலம் வாங்குதல் ஆகிய சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்; இடையிடையே வெளிநாட்டவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்களும், பெயர் மாற்றச் சட்டங்களும், விவாகரத்துச் சட்டங்களும், பொது நிலத்தை வேலியிடும் சட்டங்களும் வரும். எந்தக் குடும்பம், எந்த கவுண்டியில் (மாவட்டத்தில்) இருந்த நிலத்தை, எந்த ஆண்டில் விற்க அனுமதி வாங்கியது என்று அறிய விரும்புபவருக்கு இந்தப் பட்டியல் பெரிய வரம். நூலகம் நூலகமாக அலைந்து தடித்த அச்சுத் தொகுதிகளைப் புரட்ட வேண்டிய வேலையை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம்.

ஆனால் பட்டியல் பட்டியலோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பழைய தனிச் சட்டங்களின் வாசகத்தை இந்தப் பட்டியலிலிருந்து படிக்க முடியாது. டிரஸ்டிகள் எத்தனை பேர், விற்பனைக்கு யாருடைய சம்மதம் வேண்டும், பணம் எங்கே வைக்கப்பட வேண்டும், எதில் மறுமுதலீடு செய்யலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை மூல வாசகத்தில்தான் இருக்கிறது. அதற்கு நாடாளுமன்ற ஆவணக் காப்பகத்தின் தொகுப்பைத்தான் நாட வேண்டும். இவற்றுள் கணிசமானவை அரசு அச்சகத்தில் அச்சாகவே இல்லை என்பதும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மூலப்படிகள் தோல் சுருள்களாகவே எழுதப்பட்டன என்பதும் இந்தப் பணியின் கடினத்தை உணர்த்தும். எனவே இதைத் தளத்தை நடத்துபவர்களின் அலட்சியம் என்று நான் கருதவில்லை. ஆயினும், பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் அந்தச் சட்டத்தின் ஆவணக் காப்பக எண்ணை மட்டுமாவது சேர்த்துவிட்டால், சென்னையில் இருக்கும் ஓர் ஆய்வாளர் படி கேட்டு எழுதுவது எவ்வளவோ எளிதாகும்.

தனிச் சட்டம் என்ற வழி வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த வழி என்பதை அந்தப் பட்டியல் சொல்லாமல் சொல்கிறது. மனுவுக்கும் மசோதாவுக்கும் ஆகும் கட்டணத்தைச் சிறு நிலக்காரர் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. இந்த ஏற்பாட்டின் கடைசிச் சாயலை நாம் அறிந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே காணலாம். இந்தியாவின் கடைசி வைஸ்ராயின் மனைவி எட்வினா மவுண்ட்பேட்டனுக்குப் பாட்டனார் சர் எர்னஸ்ட் கேசல் வழியில் வந்த பெரும் செல்வம் டிரஸ்டில் இருந்தது. மணமான பெண் தன் எதிர்கால வருமானத்தை முன்கூட்டியே கையாளக் கூடாது என்ற பழைய தடை அதற்கும் பொருந்தியது. அந்தத் தடையை நீக்கிக்கொள்ள 1949இல் அவருக்காகத் தனி மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. ஒருவருக்கு மட்டும் சலுகையா என்ற எதிர்ப்புக் கிளம்பியதால், அதே தடையை எல்லாப் பெண்களுக்கும் நீக்கும் பொதுச் சட்டத்தை அரசே அந்த ஆண்டில் கொண்டுவந்து நிறைவேற்றியது. ஒரு குடும்பத்துக்கான விதிவிலக்கு எல்லாருக்குமான விதியாக மாறிய இந்த நிகழ்வு எனக்கு மிகவும் உவப்பானது. டிரஸ்டிகளின் விற்பனை அதிகாரம் கடந்துவந்த பாதையும் இதுவேதான்.

அந்தப் பாதையின் நடுப்பகுதியில்தான் தளம் நம்மைக் கைவிடுகிறது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் செட்டில்மென்ட் நிலங்களைக் குத்தகைக்கு விடவும் விற்கவும் சான்சரி நீதிமன்றமே அனுமதி வழங்கலாம் என்று ஆக்கியது. 1877இல் அது தொகுத்துத் திருத்தப்பட்டது. பிறகு 1882 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஒப்புதல் பெற்று, 1883 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த செட்டில்டு லேண்டு சட்டம் விஷயத்தைத் தலைகீழாகப் புரட்டியது. கெய்ர்ன்ஸ் பிரபுவின் முயற்சியால் வந்த அந்தச் சட்டம், விற்கும் அதிகாரத்தை ஆயுள்கால உரிமையாளர் கையிலேயே கொடுத்தது. விற்ற பணத்தை மட்டும் அவர் தொடக்கூடாது, குறைந்தது இரண்டு டிரஸ்டிகளிடமோ நீதிமன்றத்திலோ செலுத்த வேண்டும் என்று விதித்தது. விற்கக்கூடாது என்று பத்திரத்தில் எழுதி வைத்திருந்தாலும் அந்த வாசகம் செல்லாது என்று 51ஆம் பிரிவு அறுதியிட்டுச் சொன்னது. சேவர்நேக் எஸ்டேட்டை விற்க ஏல்ஸ்பரி பிரபு முயன்று, குடும்பத்தார் எதிர்த்து, 1892இல், அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போன வழக்கில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது இந்தச் சட்டத்தின் வலிமையால்தான்.

இத்தனை முக்கியமான 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தத் தளத்தின் திருத்திய வடிவத் தொகுப்பில் தேடிப் பயன் இல்லை. அந்தத் தொகுப்புக்கு அடிப்படை நாள் 1991 பிப்ரவரி 1. அன்றைக்கு நடைமுறையில் இருந்த சட்டங்களே திருத்தங்களோடு ஏற்றப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பே முழுதாக நீக்கப்பட்டவை அதில் இடம்பெறவில்லை. 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது. இன்றைய சட்டத்தை மட்டும் அறிய வேண்டியவருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் 1890இல் எழுதிய ஒரு பத்திரத்தின் கீழ் 1905இல் நடந்த விற்பனை செல்லுமா என்று பார்க்க வேண்டியவருக்கு, தேவையான நூல் அலமாரியில் இல்லாத நூலகம் போலத்தான் இது இருக்கும். அவர் பழைய அச்சுத் தொகுதிகளையோ பாடநூல்களையோ தேடிப் போக வேண்டும். தளம் தன் எல்லையை உதவிப் பக்கத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறது என்பதால் ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேடுபவர் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

1925ஆம் ஆண்டு செட்டில்டு லேண்டு சட்டத்தைத் திறந்ததும் தளத்தின் உண்மையான பலம் தெரியத் தொடங்குகிறது. ஆயுள்கால உரிமையாளரின் விற்கும் அதிகாரம் 38ஆம் பிரிவில் இருக்கிறது. சாதாரண அதிகாரங்களுக்குள் அடங்காத பரிவர்த்தனைக்கு நீதிமன்ற ஆணை பெறும் வழி 64ஆம் பிரிவில் இருக்கிறது. குடும்பத்தின் முதன்மையான மாளிகையை விற்பதற்கான தனிக் கட்டுப்பாடு 65ஆம் பிரிவிலும், வழிவழியாக வரும் அணிகலன்களும் ஓவியங்களும் போன்ற பொருள்களை விற்பது பற்றி 67ஆம் பிரிவிலும் காணலாம். விற்ற பணத்தை எவற்றில் எல்லாம் போடலாம் என்ற நீண்ட பட்டியல் 73ஆம் பிரிவு. பணத்தை வாங்கிக்கொள்ள இரண்டு டிரஸ்டிகளாவது இருக்க வேண்டும், அல்லது டிரஸ்ட் நிறுவனம் ஒன்று இருக்க வேண்டும் என்பது 94ஆம் பிரிவு. தடை விதிக்கும் வாசகம் செல்லாது என்ற பழைய 51ஆம் பிரிவின் வாரிசு 106ஆம் பிரிவு. இடப்பக்கப் பொருளடக்கத்திலிருந்து பிரிவுக்குப் பிரிவு தாவிப் போக முடிவதால், இத்தனையையும் ஒரே அமர்வில் வரிசையாகப் படித்து, எது எதனோடு பொருந்துகிறது என்று பிடித்துவிடலாம்.

இவற்றுள் 75ஆம் பிரிவை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் தளத்தின் மிகச் சிறந்த வசதி இங்கேதான் வெளிப்படுகிறது. பக்கத்தின் மேற்பகுதியில் மாற்றங்களின் காலக்கோட்டைக் காட்டச் சொன்னால், அந்தப் பிரிவு எந்தெந்த நாள்களில் மாறியது என்று ஒரு கோடு விரியும். 2001 பிப்ரவரி 1க்கு முந்தைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், மூலதனப் பணத்தை எதில் முதலீடு செய்வது என்பதை ஆயுள்கால உரிமையாளரின் உத்தரவுப்படியே செய்ய வேண்டும் என்று இருக்கும். இன்றைய வடிவத்துக்கு வந்தால், அந்த முடிவு டிரஸ்டிகளின் விருப்புரிமைக்கு மாறியிருப்பதும், ஆயுள்கால உரிமையாளரை அவர்கள் கூடியமட்டும் கலந்து பேச வேண்டும் என்று சேர்க்கப்பட்டிருப்பதும் தெரியும். சேர்க்கப்பட்ட சொற்கள் சதுர அடைப்புக்குள் இருக்கும். பக்கத்தில் ஒரு குறி. கீழே அடிக்குறிப்பில், 2000ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டத்தின் எந்த அட்டவணை இதைச் செய்தது, எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது என்ற விவரம். குடும்பத்தின் செல்வத்தை யார் கையாள்வது என்ற அதிகாரம் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறியதை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறொரு இலவசச் சேவையை நான் அறியேன். அதே பிரிவின் 5ஆம் உட்பிரிவு, மூலதனப் பணமும் அதில் வாங்கிய முதலீடுகளும் நிலமாகவே கருதப்படும் என்கிறது. 18ஆம் நூற்றாண்டுத் தனிச் சட்டங்கள், விற்ற பணத்தில் வாங்கிய புதிய நிலத்தைப் பழைய பத்திரத்துக்கே உட்படுத்திய அந்த எண்ணம்தான் இங்கே ஒரே வாக்கியமாகச் சுருங்கி நிற்கிறது.

1996ஆம் ஆண்டின் நில டிரஸ்ட் சட்டம்தான் இப்போது புதிதாக உருவாகும் டிரஸ்ட்களுக்குப் பொருந்துவது. 1997 ஜனவரி 1 முதல் பழைய வகை செட்டில்மென்ட்களைப் புதிதாக உருவாக்க முடியாது என்கிறது அதன் 2ஆம் பிரிவு. அதற்கு முன்பே இருந்தவை தொடரலாம். 6ஆம் பிரிவு, நிலத்தைப் பொறுத்தவரை முழு உரிமையாளருக்கு உள்ள எல்லா அதிகாரங்களும் டிரஸ்டிகளுக்கு உண்டு என்று ஒரே வீச்சில் கொடுத்துவிடுகிறது. ஒரு காலத்தில் நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளையும் கடந்து வாங்கியது இப்போது மூன்று வரியில் கிடைக்கிறது. இருந்தாலும் 8ஆம் பிரிவின்படி பத்திரம் எழுதுபவர் அந்த அதிகாரத்தைக் குறைக்கலாம். 11ஆம் பிரிவின்படி பயனாளிகளைக் கலந்து பேச வேண்டும். கருத்து வேறுபட்டால் 14ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் போகலாம். 6ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவையும் காலக்கோட்டில் பின்னே நகர்த்திப் பாருங்கள். முதலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலம் வாங்கும் அதிகாரம் என்று இருந்தது, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவுக்குக் கைகாட்டும் வாசகமாக மாறியிருக்கிறது. அந்த 8ஆம் பிரிவு, ஐக்கிய ராச்சியத்தில் எங்கும், முதலீடாகவோ பயனாளி குடியிருக்கவோ வேறு காரணத்துக்காகவோ நிலம் வாங்கலாம் என்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 2000ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டத்தின் 3ஆம் பிரிவு, டிரஸ்டிகள் எந்த வகை முதலீட்டிலும் பணம் போடலாம் என்ற பொது அதிகாரத்தைத் தருகிறது. 4ஆம் பிரிவு, முதலீடு அந்த டிரஸ்டுக்குப் பொருத்தமானதா, பணம் பலவற்றில் பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. 5ஆம் பிரிவு தகுந்த ஆலோசனை கேட்கச் சொல்கிறது. இவற்றையும் நிலம் வாங்கும் 8ஆம் பிரிவையும் படித்துவிட்டு எழுந்துவிட்டால் ஆபத்து. 10ஆம் பிரிவு, 1997க்கு முந்தைய செட்டில்மென்ட் நிலம் அடங்கிய டிரஸ்டுக்கு 8ஆம் பிரிவு அடங்கிய பகுதியே பொருந்தாது என்று விலக்குகிறது. அப்படிப்பட்ட பழைய திருமண செட்டில்மென்ட்டின் டிரஸ்டிகள் நிலம் வாங்க 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவுக்குத்தான் திரும்ப வேண்டும். 8ஆம் பிரிவின் பக்கத்தில் இந்த விலக்கைச் சுட்டும் அறிவிப்பு எதுவும் தோன்றாது, ஏனெனில் அது திருத்தம் அல்ல. சட்டத்தின் சொந்த வாசகம். ஆகவே ஒற்றைப் பிரிவைத் தேடிப் பிடித்து அதை மட்டும் அச்செடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தத் தளத்தில் கூடாது. அந்தப் பகுதி முழுவதையும் திறந்து கடைசி வரை படிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விளக்கக் குறிப்புகள் சேர்க்கப்பட்டிருப்பது இதற்கு மிகவும் உதவும். எளிய நடையில், ஒவ்வொரு பிரிவின் நோக்கத்தையும் அவை எடுத்துச் சொல்கின்றன. இத்தகைய குறிப்புகள் 1999 முதல் வந்த சட்டங்களுக்கே உண்டு என்பதால், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்தத் துணை இல்லாமல்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

டிரஸ்டிகளுக்கு அதிகாரமே இல்லாத இடத்தில் நீதிமன்றம் அதை வழங்கும் வழி 1925ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டத்தின் 57ஆம் பிரிவில் இருக்கிறது. பயனாளிகளில் குழந்தைகளோ இன்னும் பிறக்காதவர்களோ இருந்தால், அவர்கள் சார்பில் டிரஸ்டின் நிபந்தனைகளையே மாற்ற ஒப்புதல் தருவது 1958ஆம் ஆண்டின் டிரஸ்ட் மாற்றச் சட்டம். திருமணம் முறிந்தால், மணத்துக்கு முன்போ பின்போ எழுதிய செட்டில்மென்ட்டை மாற்றியமைக்க 1973ஆம் ஆண்டு மணவாழ்க்கை வழக்குச் சட்டத்தின் 24ஆம் பிரிவு குடும்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. மூன்றும் தளத்தில் திருத்திய வடிவில் கிடைக்கின்றன. ஆனால் 57ஆம் பிரிவில் வரும் உசிதம் என்ற அளவுகோலுக்கு என்ன பொருள், எந்தச் சூழலில் நீதிபதிகள் அனுமதி தந்தார்கள், எதில் மறுத்தார்கள் என்பதெல்லாம் தீர்ப்புகளில்தான் இருக்கிறது. தீர்ப்புகள் இந்தத் தளத்தின் எல்லைக்குள் வருவதில்லை. அதே தேசிய ஆவணக் காப்பகம் 2022இல் தீர்ப்புகளுக்கெனத் தனிச் சேவை ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. இரண்டையும் பிரிவுவாரியாக இணைத்துவிட்டால் டிரஸ்ட் சட்டம் படிப்பவருக்கு வேறெதுவும் தேவைப்படாது.

திறக்கும் பக்கத்தின் தலைப்பில் சில வேளைகளில் ஓர் அறிவிப்பு நிற்கும்: இந்தச் சட்டத்தில் செய்யப்பட வேண்டிய சில மாற்றங்கள் இன்னும் ஏற்றப்படவில்லை என்று. அதை ஒதுக்கிவிட்டுப் படிக்கத் தொடங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிவிப்பை விரித்தால் எந்தப் பிரிவில் எந்தச் சட்டத்தால் மாற்றம் என்ற பட்டியல் வரும். நமக்கு வேண்டிய பிரிவு அதில் இல்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு நிமிடம் போதும். குறையை மறைக்காமல் வாசலிலேயே எழுதி வைத்திருக்கும் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் பக்கத்துச் சட்டத்தையும் இங்கே நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் செட்டில்டு லேண்டு சட்டம் வந்த அதே 1882இல்தான் இந்திய டிரஸ்ட் சட்டமும் வந்தது. அதன் 40ஆம் பிரிவு முதலீடுகளை மாற்றும் அதிகாரத்தை டிரஸ்டிக்குத் தருகிறது; ஆனால் ஆயுள்காலம் முழுவதும் வருமானம் பெறும் உரிமையுள்ளவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவராக இருந்தால், அவருடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று நிபந்தனை வைக்கிறது. 34ஆம் பிரிவு, டிரஸ்ட் சொத்தின் நிர்வாகம் பற்றி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு மனுப் போட டிரஸ்டிக்கு உரிமை தருகிறது. இலங்கையிலும் ரோமன் டச்சுச் சட்ட வழியில் தலைமுறைகளுக்குக் கட்டுண்ட சொத்தை நீதிமன்ற அனுமதியோடு விற்க 1876ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழிசெய்தது. 1972இல் அந்த வகைக் கட்டுகளே ஒழிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 2001இல் ஆயுள்கால உரிமையாளரிடமிருந்து எடுக்கப்பட்ட செல்வாக்கு நம் 40ஆம் பிரிவில் இன்றும் அவர் கையிலேயே இருக்கிறது. நம் வழக்குகளில் இங்கிலாந்து நூல்களை மேற்கோள் காட்டும்போது அந்த நூல் எந்த ஆண்டு வடிவத்தைப் பேசுகிறது என்று கவனிக்காவிட்டால் வாதம் தவறிப்போகும். அதைச் சரிபார்க்க இந்தத் தளத்தின் காலக்கோட்டைவிட நல்ல கருவி கிடையாது. நம் சட்டங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஏங்குகிறேன்.

பயன்படுத்தும் விதம் பற்றிச் சில சொற்கள். பழைய சட்டங்கள் அரசர் ஆட்சியாண்டின்படி எண்ணிடப்பட்டிருக்கும். ஆனால் சாதாரண ஆண்டையும் தலைப்பில் ஒரு சொல்லையும் கொடுத்தாலே தேடல் கண்டுபிடித்துத் தருகிறது. கைபேசித் திரையில் நீண்ட சட்டங்களைப் படிப்பது கண்ணுக்குச் சிரமம், குறிப்பாக அடிக்குறிப்புக்கும் வாசகத்துக்கும் இடையே போய்வருவது. கணினியில் படிப்பதே நல்லது. ஒரு பிரிவையோ ஒரு பகுதியையோ முழுச் சட்டத்தையோ பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. மனுவோடு இணைக்க அச்செடுக்கும்போது, எந்த நாளுக்குரிய வடிவம் என்பது தாளில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கையால் எழுதிவிடுங்கள்.

இந்தத் தளத்தின் உள்ளடக்கம் திறந்த அரசு உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் எடுத்தாளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். டிரஸ்டிகளின் விற்பனை, முதலீடு ஆகியவற்றைத் தமிழில் படிக்க விரும்பும் மாணவர்களுக்காக 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு முதல் 10ஆம் பிரிவு வரையிலும், 1925ஆம் ஆண்டு செட்டில்டு லேண்டு சட்டத்தின் 73, 75, 94 ஆகிய பிரிவுகளையும் விளக்கக் குறிப்புகளோடு மொழிபெயர்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 75ஆம் பிரிவுக்கு மட்டும் 2001க்கு முந்தைய வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கப் போகிறேன்.